கேமரா கடையிலிருந்து கிளம்பிய ஊர்வலம்



தலைவர்கள் வரலாறு என்றால் நம் ஆண்டு மலரில் காந்தி, காமராசர், அம்பேத்கர், அப்துல் கலாம் என்று எல்லோரைப் பற்றியும் நம் சீனியர் அண்ணன்மாரும் அக்காமாரும் எழுதிவிட்டார்கள். இந்த வருஷம் நான் வேறொருவரை உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன். பெயர் ஹார்வி மில்க். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் ஒரு சின்ன கேமரா கடை வைத்திருந்தவர். மக்கள் பிரதிநிதியாகப் பதவியில் இருந்தது மொத்தமே பதினோரு மாதம்கூட நிரம்பவில்லை. 48 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் சாவதற்கு ஐந்து மாதம் முன்னால் அவர் விடுத்த ஓர் அழைப்பு, அடுத்த வருஷம் வாஷிங்டன் நகரத் தெருக்களை நிரப்பியது!

மில்க் ஒரு தன்பாலீர்ப்பாளர். அதாவது ஆணாக இருந்து ஆணை விரும்பியவர். பெண்ணை விரும்பும் பெண்களுக்கும் இதே சொல்தான். பழைய பத்திரிகைகளில் வேறு சொற்களைப் போட்டிருப்பார்கள். நம்ம ஹாஸ்டல் பேச்சில் வருகிற சொற்களை இங்கே எழுத முடியாது. இந்த விஷயம் என்றாலே நமக்குச் சிரிப்புதான் வருகிறது. சிரித்து முடித்தவர்கள் கொஞ்சம் பொறுமையாக மேலே படியுங்கள். இது ஒரு போராட்டக்காரரின் கதை.

கணக்கு படித்தவர், கடலில் குதித்தவர்

மில்க் 1930 மே 22-ந் தேதி நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில், வுட்மீர் என்ற ஊரில் பிறந்தார். லித்துவேனியா நாட்டிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பம். தாத்தா சொந்தமாகக் கடை வைத்து முன்னுக்கு வந்தவர். மில்க் பள்ளியில் கால்பந்து ஆடினார், ஆல்பனி நகரில் ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்து கணக்கை முக்கியப் பாடமாக எடுத்து 1951-ல் பட்டம் வாங்கினார். கல்லூரி மாணவர் பத்திரிகையில் எழுதிய ஆள்! ஆகவே இந்த மாதிரி மலர்களில் எழுதுகிற நமக்கெல்லாம் அவர் ஒரு வகையில் சீனியர்.

பிறகு கொரியப் போர்க் காலத்தில் கடற்படையில் சேர்ந்தார். மூழ்கிய நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து ஆட்களை மீட்கும் கப்பலில் வேலை. அப்புறம் நீரில் மூழ்கும் வித்தையைக் கற்றுத் தரும் பயிற்சியாளர். எல்லாம் நன்றாகத்தான் போனது. அவர் எப்படிப்பட்டவர் என்று விசாரணை வந்தது. 1955-ல் நற்பெயர்ச் சான்று இல்லாமல் வெளியே போக வேண்டியதாயிற்று. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது, ஆனாலும் வேலை போயிற்று.

அந்தக் காலம் அப்படி. 1953-ல் வந்த ஜனாதிபதி உத்தரவின் பேரில் அமெரிக்க மத்திய அரசு வேலையிலிருந்து தன்பாலீர்ப்பாளர்களைத் தேடித் தேடி நீக்கினார்கள். 1961 வரை அந்த நாட்டின் எல்லா மாநிலங்களிலும் இது சட்டப்படி குற்றம். இலினாய்தான் முதலில் அந்தச் சட்டத்தை எடுத்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973 டிசம்பரில்தான் இதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. போலீஸ் பிடித்தால் பெயர் பேப்பரில் வரும், வேலை போகும், வீடு போகும். எனவே எல்லோரும் ஒளிந்துதான் வாழ்ந்தார்கள். மில்க்கும் அப்படியே. பள்ளிக்கூட வாத்தியார், இன்சூரன்ஸ் கம்பெனி கணக்காளர், பங்குச் சந்தை ஆராய்ச்சியாளர் என்று வேலை மாறினாரே தவிர, வெளியே ஒரு வாழ்க்கை, உள்ளே ஒரு வாழ்க்கை என்பது மாறவில்லை. நாற்பது வயது வரை இதே கதைதான்.

புரொஜெக்டர் கேட்டு வந்த டீச்சர்

1972-ல் மில்க் சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிவந்தார். 1973-ல் தன் துணைவர் ஸ்காட் ஸ்மித்துடன் காஸ்ட்ரோ தெருவில் கேமரா கடை திறந்தார். பிலிம் ரோல் விற்பது, கழுவிப் பிரிண்ட் போட வாங்குவது. நம்ம ஊர் ஸ்டூடியோ மாதிரிதான். வியாபாரம் சுமார், பேச்சு ஜோர்! கடையில் ஒரு பழைய சோபா கிடக்குமாம். தெருப் பிரச்சினை எல்லாம் அங்கேதான் பேசப்படும்.

அவர் அரசியலுக்கு வந்ததற்கு இரண்டு சம்பவம் சொல்வார்கள். முன்பணமாக 100 டாலர் கட்டினால்தான் கடை நடத்தலாம் என்று ஒரு வரி அதிகாரி வந்து நின்றார். மில்க் விடவில்லை, வாரக்கணக்கில் அலுவலகம் அலுவலகமாகப் போய்ச் சண்டை போட்டுத் தொகையைக் குறைத்தார். இன்னொரு நாள் ஒரு பள்ளிக்கூட டீச்சர் கடைக்கு வந்து புரொஜெக்டர் இரவல் கேட்டார். பள்ளியில் இருந்தது வேலை செய்யவில்லை, மாற்றித் தர ஆளில்லை. அரசாங்கத்துக்குக் கடைக்காரனிடம் பணம் வாங்க ஆள் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் புரொஜெக்டர் வாங்க வழியில்லையா என்று மில்க்குக்குக் கோபம் வந்தது. லேபில் ஒரே ஆஸிலோஸ்கோப்பைச் சுற்றி ஒன்பது பேர் நிற்கிற நமக்கு அந்தக் கோபம் புரியும்தானே!

1973-ல் நகரசபைத் தேர்தலில் நின்றார். தலையில் நீள முடி, பின்னலாகக் கட்டிய கோலம். 32 பேரில் பத்தாவதாக வந்தார். முடியை வெட்டினார், கோட்டுப் போட்டார், 1975-ல் மறுபடி நின்றார். ஆறு இடம், இவர் ஏழாவது! 1976-ல் மாநில சட்டசபைக்கு நின்று நாலாயிரத்துக்கும் குறைவான ஓட்டில் தோற்றார். மூன்று முறை அரியர் விழுந்த மாதிரி. நாமாக இருந்தால் பேப்பரைத் தூக்கிப் போட்டிருப்போம்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? தேர்தல் இல்லாத நாளிலும் வேலை பார்த்தார். பீர் ஏற்றும் லாரி டிரைவர்கள் சங்கம், கூர்ஸ் என்ற பீர் கம்பெனியை எதிர்த்துப் போராடியது. சங்கத் தலைவர் இவரிடம் உதவி கேட்டு வந்தார். மில்க் ஊரிலிருந்த தன்பாலீர்ப்பாளர் மதுக்கடைகளில் எல்லாம் ஏறி இறங்கி, அந்த பீரை விற்க வேண்டாம் என்று ஒப்புக்கொள்ள வைத்தார். பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டார். எங்கள் ஆட்களுக்கும் டிரைவர் வேலை கொடுங்கள் என்பதுதான் அது. கொடுத்தார்கள். லாரி ஓட்டுகிற முரட்டு ஆட்களும் ஊர் ஒதுக்கி வைத்தவர்களும் ஒரே பக்கம் நின்றார்கள். அதேபோல வட்டார வியாபாரிகள் சங்கம் தன்பாலீர்ப்பாளர் கடைகளைச் சேர்க்க மறுத்தபோது, இவர் தனிச் சங்கம் தொடங்கி 1974-ல் காஸ்ட்ரோ தெருவில் ஒரு தெருத் திருவிழாவே நடத்திவிட்டார். ஐயாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். எதிர்த்த கடைக்காரர்களுக்கும் அன்று நல்ல வியாபாரம்!

1977-ல் நகரத்தை வார்டு வார்டாகப் பிரித்துத் தேர்தல் வைத்தார்கள். பதினாறு பேரை எதிர்த்து நின்று ஜெயித்தார் மில்க். சிலர் இவரை அமெரிக்காவிலேயே முதல் ஆள் என்று எழுதுகிறார்கள். அது சரியில்லை. 1974-லேயே மிச்சிகனில் கேத்தி கொசாசென்கோ, மாசசூசெட்ஸில் எலெய்ன் நோபிள் என்ற இரண்டு பெண்கள் தங்களை மறைக்காமல் நின்று வென்றுவிட்டார்கள். கலிபோர்னியாவில் அப்படி வென்ற முதல் ஆண் மில்க். 1978 ஜனவரியில் பதவி ஏற்கும் நாளன்று கார் வேண்டாம் என்று காஸ்ட்ரோ தெருவிலிருந்து நகரசபை வரை ஆதரவாளர்களோடு கைகோத்து நடந்தே போனார்.

அந்த ஒரு வருஷம்

1978-ல் அவர் செய்த காரியங்களில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, தன்பாலீர்ப்பாளர் என்ற காரணத்துக்காக வேலையோ வீடோ மறுக்கக் கூடாது என்ற நகரச் சட்டம். பத்துப் பேர் ஆதரவு, எதிர்த்து ஒரே ஓட்டு. அந்த ஓட்டைப் போட்டவர் டான் வைட். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மேயர் ஜார்ஜ் மாஸ்கோனி, மில்க் கொடுத்த நீலப் பேனாவால் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு, ஆறாம் எண் மசோதா. ஜான் பிரிக்ஸ் என்ற மாநில செனட்டர், தன்பாலீர்ப்பாளர்களையும் அவர்களை ஆதரித்துப் பேசுகிறவர்களையும் அரசுப் பள்ளி வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்று மாநிலம் முழுக்க வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார். ஆரம்பக் கருத்துக் கணிப்பில் அவர் பக்கம்தான் காற்று வீசியது. மில்க்கும் சாலி கியர்ஹார்ட் என்ற பேராசிரியையும் ஊர் ஊராகப் போய் மேடை விவாதம் செய்தார்கள். தொண்டர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். பின்னாளில் ஜனாதிபதியான ரொனால்டு ரீகன்கூட இந்த மசோதா தப்பு என்று சொல்லிவிட்டார். நவம்பர் 7-ந் தேதி பத்து லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் மசோதா தோற்றது!

இந்தப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது, 1978 ஜூன் 25-ந் தேதி சான் பிரான்சிஸ்கோவில் பெரிய ஊர்வலம். அன்றுதான் வானவில் கொடி முதன்முதலாகப் பறந்தது. கில்பர்ட் பேக்கர் என்ற கலைஞரும் தொண்டர்களும் குப்பைத்தொட்டி டிரம்மில் சாயம் கரைத்து, துணி முக்கி, தைத்த கொடி. எட்டு நிறம். பின்னால் ஃபேக்டரியில் அடிக்கும்போது இளஞ்சிவப்புத் துணி கிடைக்காமல் ஏழாகி, பிறகு ஆறாகிவிட்டது. டெக்ஸ்டைல் துறை நண்பர்கள் கவனிக்க!

அன்றைய மேடையில்தான் மில்க் அந்த அழைப்பை விடுத்தார். அடுத்த வருஷம் 1979 ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர தினத்தன்று, நாடெங்கும் உள்ள தன்பாலீர்ப்பாளர்கள் வாஷிங்டனில் கூட வேண்டும் என்றார்.

வாஷிங்டன் ஏன்? அதற்கு 15 வருஷம் முன்னால் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1963 ஆகஸ்ட் 28-ந் தேதி கறுப்பின மக்களின் உரிமைக்காக மார்ட்டின் லூதர் கிங் பேசிய பேரணி அங்கேதான் நடந்தது. இரண்டரை லட்சம் பேர். அதை இரண்டே மாதத்தில் ஏற்பாடு செய்தவர் பேயார்ட் ரஸ்டின். 1948-ல் நம் இந்தியாவுக்கு வந்து காந்திய வழியைக் கற்றுக்கொண்டு போனவர். எத்தனை பஸ், எத்தனை கழிப்பறை, எத்தனை குடிநீர்க் குழாய் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருந்தார். ஆகஸ்ட் வெயிலில் கெட்டுப் போகாத சாண்ட்விச் எது என்பது வரை யோசித்தார். நம்ம ஊரில் தூரப் பயணத்துக்குப் புளிச்சோறு கட்டுவோமே, அந்தப் பக்குவம். விலை உயர்ந்த ஒலிபெருக்கி வேண்டும் என்று அடம்பிடித்து வைத்தார். முதல் நாள் யாரோ அதை நாசம் செய்துவிட, ராணுவத் தொலைத்தொடர்புப் பிரிவினர் வந்து சரிசெய்தார்கள். ரஸ்டினும் தன்பாலீர்ப்பாளர்தான். அதைச் சொல்லியே ஒரு செனட்டர் சபையில் அவரைத் தூற்றினார். அதனால் அவர் பெயர் பல காலம் பின்னாலேயே இருந்தது. எல்லோருக்கும் உரிமை வாங்கித் தர மைக் செட் போட்ட மனிதருக்குத் தன் உரிமையைப் பேச மைக் கிடைக்கவில்லை!

நவம்பர் 27

டான் வைட் நவம்பர் 10-ந் தேதி பதவியை ராஜினாமா செய்தார். பிறகு மனம் மாறித் திரும்பக் கேட்டார். மேயர் மறுத்தார். 1978 நவம்பர் 27 காலை, சோதனைக் கருவிக்குத் தப்பி அடித்தள ஜன்னல் வழியாக நகரசபைக் கட்டடத்துக்குள் நுழைந்த வைட், முதலில் மேயர் மாஸ்கோனியைச் சுட்டுக் கொன்றார். பிறகு நடந்து போய் மில்க்கைச் சுட்டுக் கொன்றார்.

தனக்கு இப்படி நடக்கலாம் என்று மில்க் ஒரு வருஷம் முன்பே டேப்பில் பேசிப் பதிவு செய்து வைத்திருந்தார். தன் இடத்துக்கு யார் வரலாம் என்றுகூட அதில் சொல்லியிருந்தார். அன்று இரவு பல்லாயிரம் பேர் மெழுகுவர்த்தி ஏந்தி காஸ்ட்ரோவிலிருந்து நகரசபைக்கு நடந்தார்கள். அவர் பதவி ஏற்க நடந்து போன அதே பாதை!

1979 மே 21-ல் தீர்ப்பு வந்தது. திட்டமிட்ட கொலை என்று சொல்லாமல், 7 வருஷம் 8 மாதத் தண்டனையோடு முடித்துவிட்டார்கள். ஊர் கொதித்தது. அன்று இரவு போலீஸ் கார்கள் எரிந்தன. மறுநாள் மில்க்கின் பிறந்தநாள். அதே மக்கள் காஸ்ட்ரோ தெருவில் அமைதியாகக் கூடி அதைக் கொண்டாடினார்கள். கோபத்தை ஒரு ராத்திரியில் அடக்கிக் காட்டினார்களே, அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அவர் இல்லாத ஊர்வலம்

தேசிய ஊர்வலம் நடத்த முன்பே முயன்றிருக்கிறார்கள். 1973-ல் இலினாயில் பேசினார்கள், நடக்கவில்லை. 1978-ல் மினியாபொலிஸில் ஒரு குழு போட்டார்கள், உள்சண்டையில் கலைந்தது. (சங்கம் நடத்துகிறவர்களுக்கு இது புதுசா என்ன?) மில்க்கின் சாவுதான் எல்லோரையும் ஒன்று சேர்த்தது. 1979 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் கூடினார்கள். ஊர்வலம் போனால் எதிர்ப்பு அதிகமாகுமே என்று பெரிய அமைப்புகளே தயங்கின. பேசிப் பேசித் தேதியை அக்டோபர் 14 என்று முடிவு செய்தார்கள். பொறுப்புகளில் பாதிப் பேர் பெண்கள், கறுப்பினத்தவருக்கும் மற்ற சிறுபான்மையினருக்கும் கட்டாயம் இடம் என்று விதி போட்டார்கள். ஜூலையில் ஹூஸ்டனில் மறுபடி கூடி வேலைகளைப் பிரித்துக்கொண்டார்கள்.

அன்று செல்போன் இல்லை, இன்டர்நெட் இல்லை. நோட்டீஸ், தபால், சாதா போன், பஸ், ரயில். அவ்வளவுதான்! 1979 அக்டோபர் 14-ந் தேதி வாஷிங்டனில் 75 ஆயிரத்திலிருந்து 1 லட்சத்து 25 ஆயிரம் பேர் வரை நடந்தார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். கறுப்பினப் பெண்கள் அமைப்பு ஒன்று முன்வரிசைப் பதாகையைப் பிடித்தது. கவிஞர் ஆட்ரி லார்ட் பேசினார். மறுநாள் ஊருக்குத் திரும்பாமல் தங்கி, அவரவர் தொகுதி எம்.பி.க்களைப் போய்ப் பார்த்தார்கள்.

அவர்கள் கேட்டது ஐந்து. தன்பாலீர்ப்பாளர் உரிமைச் சட்டம், அரசு வேலையிலும் ராணுவத்திலும் பாகுபாட்டுக்குத் தடை, எதிரான சட்டங்கள் எல்லாம் ரத்து, தாய் தந்தையராக உள்ள தன்பாலீர்ப்பாளர்களிடமிருந்து பிள்ளைகளைப் பிரிக்காமை. ஐந்தாவது, இளம் வயதினருக்கு வீட்டிலும் பள்ளியிலும் வேலையிலும் பாதுகாப்பு.

அந்த ஐந்தாவதைப் படித்தபோது எனக்கு ஒருவன் நினைவு வந்தது. பள்ளியில் என்னோடு படித்தவன். அவன் நடையையும் குரலையும் வைத்துப் பட்டப்பெயர் வைத்தார்கள். வகுப்பு முழுக்க அதே பெயர்தான். ஒரு வாத்தியாரும் அதைச் சொல்லித்தான் கூப்பிட்டார். கெட்டுப்போன மிக்ஸி மோட்டாரைக் கண்ணை மூடிக்கொண்டு சுற்றித் தருவான். பத்தாவதோடு நின்றுவிட்டான். அவன் யாரை விரும்புகிறவன் என்று எனக்குத் தெரியாது, எனக்கு அது தேவையும் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், இன்று நம் மின்னியல் லேபில் ஒரு இடம் அவனுடையது.

இன்று வரை

1985 நவம்பரில் மில்க் நினைவு மெழுகுவர்த்தி ஊர்வலத்தில்தான், அவருடைய சீடர் கிளீவ் ஜோன்ஸ் மனதில் எய்ட்ஸ் நினைவுப் போர்வை என்ற எண்ணம் பிறந்தது. எய்ட்ஸால் இறந்தவர்களின் பெயர் தைத்த துணிகள். ஒவ்வொன்றும் ஆறடிக்கு மூன்றடி, ஒரு சவக்குழியின் அளவு. 1987 அக்டோபர் 11-ல் இரண்டாவது வாஷிங்டன் ஊர்வலத்தில் அப்படி 1,920 துணிகளை விரித்தார்கள். முதல் ஊர்வலத்தைவிடப் பல மடங்கு கூட்டம்.

2009-ல் அமெரிக்காவின் மிக உயர்ந்த குடிமக்கள் விருது மில்க்குக்கு வழங்கப்பட்டது. 2014-ல் தபால்தலை வந்தது. அவரை வெளியே அனுப்பிய அதே கடற்படை, 2021-ல் ஒரு கப்பலுக்கு அவர் பெயரை வைத்து நீரில் இறக்கியது. 2025-ல் அந்தப் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் வைத்தார்கள். ஆக, வாங்கிய உரிமையும் மரியாதையும் வாங்கிய இடத்திலேயே இருந்துவிடாது, காவல் காக்க வேண்டும் என்பது தெரிகிறது.

ஒளிந்திருக்காதீர்கள், வீட்டில் சொல்லுங்கள், நண்பர்களிடம் சொல்லுங்கள் என்பதுதான் மில்க்கின் முக்கிய உபதேசம். தெரிந்த முகத்தை வெறுப்பது கஷ்டம் என்று அவர் நம்பினார். இதில் எனக்கு ஒரு கேள்வி உண்டு. அப்பா கட்டுகிற ஃபீஸில் படிக்கிற ஒரு பையனோ பொண்ணோ சொல்லிவிட்டு எங்கே போவார்கள்? மில்க்கே நாற்பது வயது வரை சொல்லவில்லையே! யோசித்துப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த பதில் இது. சொல்வதும் சொல்லாததும் அவரவர் விருப்பம். சொன்னால் தாங்குகிற மாதிரி இடத்தை வைத்திருப்பது சுற்றி இருக்கிற நம்ம வேலை. பட்டப்பெயரை நிறுத்த ஊர்வலம் தேவையில்லை, ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற நாலு பேர் போதும்.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். எங்கப்பா லோடுமேன். அட்மிஷன் ஃபாரம் நிரப்பத் தெரிந்தவர் எங்கள் தெருவிலேயே இல்லை. முன்னால் நடந்து போன ஒருத்தர் இருந்தால் எவ்வளவு தைரியம் என்பது இல்லாதவனுக்குத்தான் தெரியும். ஏதோ ஒரு சின்ன ஊரில் தனியாகக் கிடக்கிற ஒரு பிள்ளைக்கு அந்த ஒருத்தராக இருக்கத்தான் மில்க் மூன்று முறை தோற்றும் நான்காம் முறை நின்றார்.

வாழ்க அவர் நினைவு! நம் பேரவையின் அடுத்த பொதுக்குழுவில், பட்டப்பெயர் சொல்லித் துன்புறுத்துவதும் ராகிங்தான் என்று ஒரு தீர்மானம் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். வருவீர்கள் என்று நம்புகிறேன்.

— மின்னியல் துறை, இரண்டாம் ஆண்டு